பழைய கணிப்பொறியில் புதிய மென்பொருள்: மோதல் ஏன்?

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்கும் பழைய கணிப்பொறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிய மென்பொருள் ஒன்றை அதில் நிறுவ முயல்கிறீர்கள். ‘தேவையானது கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் தோன்றுகிறது. வலிந்து நிறுவினாலோ, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு மென்பொருள் நின்றுவிடுகிறது! பொறியில் பழுதில்லை. பின் என்ன நடந்தது?

பொதுச் சொத்து

கோப்பைத் திறத்தல், நேரத்தைக் கேட்டறிதல் போன்ற வேலைகள் எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவானவை. இவற்றுக்கான நிரல்களை ஒரே இடத்தில் வைத்து எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. இதற்கு நிரல் நூலகம் என்று பெயர். ஆய்வகத்தின் ஒரே தராசை எல்லா வகுப்புகளும் பயன்படுத்துவதைப் போன்றது இது. பத்தாம் வகுப்புக்காகத் தராசை மாற்றினால், பழைய தராசை நம்பியிருந்த ஒன்பதாம் வகுப்பின் சோதனை நின்றுவிடுமல்லவா?

இயான் மர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையில், ஒவ்வொரு மென்பொருள் பொதியும் ஒரு குறிப்புச் சீட்டுடன் வருகிறது. தனக்கு எந்த நூலகம், எந்தப் பதிப்பு வேண்டும், எதனுடன் ஒத்துப்போகாது என்பவை அதில் உள்ளன. எல்லாச் சீட்டுகளையும் நிறைவு செய்யும் சேர்க்கையைப் பொதி மேலாளர் என்ற நிரல் தேடுகிறது. இது எளிய வேலையன்று. 20 பொதிகளுக்குத் தலா இரண்டு பதிப்புகள் இருந்தாலே 10,48,576 சேர்க்கைகள் உண்டாகும். விநாடிக்கு ஒன்றாகச் சோதித்தால் 12 நாட்கள் ஆகும்! மேலாளர் சில சேர்க்கைகளைச் சாமர்த்தியமாக ஒதுக்கித் தேடுவதால்தான் விரைவில் விடை கிடைக்கிறது.

பழுதறியும் முறை

முதலில், உங்கள் கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண்.

அடுத்து, திரையில் தோன்றும் முதல் பிழைச் செய்தியைப் படியுங்கள். தொடரிணைப்பில் ஒரு விளக்கு போனால் எல்லா விளக்குகளும் அணைவதுபோல, பின்வரும் பிழைகள் பெரும்பாலும் முதற்பிழையின் விளைவுகளே.

பிறகு, வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுவிய பொதிகளை நீக்கிப் பாருங்கள். மோதலுக்கு இவை அடிக்கடி காரணமாகின்றன. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். செய்ததை எழுதி வையுங்கள். பொதி மேலாளரில் ஒத்திகை பார்க்கும் வசதியும் உண்டு. எவை நிறுவப்படும், எவை நீக்கப்படும் என்று அது முன்கூட்டியே காட்டிவிடும். நீக்கப் பட்டியல் நீளமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படிப்படியாக ஏறுங்கள்

டெபியனின் 10-ஆம் பதிப்பு 2019-இலும், 11-ஆவது 2021-இலும், 12-ஆவது 2023-இலும், 13-ஆவது 2025-இலும் வெளிவந்தன. பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குத் தாவக்கூடாது. ஒவ்வொரு படியாகவே ஏறவேண்டும்.

ஆனால் பழைய 32 பிட் கணிப்பொறிகள் கடைசிப் படியில் ஏறக்கூடாது. 13-ஆம் பதிப்பில் அவற்றுக்கான கருநிரலும் நிறுவியும் இல்லை. இந்தப் பதிப்பு தொடர்பாகச் சுவையான கணக்கு ஒன்று உள்ளது. பழைய முறையில் 1970 சனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 32 பிட்டுகளில் எண்ணுகிறார்கள். அதன் உச்சம் 2,147,483,647. அந்த எண் 2038 சனவரி 19 அன்று நிரம்பிவிடும். ஆகவே 13-ஆம் பதிப்பில் காலக்கணக்கை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். அதற்காக ஏராளமான நூலகங்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. பழைய 32 பிட் கணிப்பொறி வகைக்கு மட்டும் மாற்றம் செய்யவில்லை. ஏன்? மாற்றினால் அதற்கென எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் ஓடாமல் போகும் என்பதால்தான்!

அப்படியானால் பதிப்பை உயர்த்தாமலே இருந்துவிடலாமா? கூடாது. ஆதரவு முடிந்த பதிப்பின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. அத்தகைய பொறியை இணையத்திலிருந்து பிரித்து, தனியே பயன்படுத்துவதே நல்லது.

மேலே சொன்ன உச்ச எண்ணை 86,400-ஆல் வகுத்து, வரும் நாட்களை ஆண்டுகளாக்கிப் பாருங்கள். 1970-உடன் கூட்டினால் 2038 கிடைக்கிறதா?