நண்டுக் கூண்டும் பவர் பிரஸ்ஸும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிறவன் நான். வீடு வேப்பம்பட்டு. சாயங்காலம் திருவள்ளூர் லோக்கலில் ஆவடி தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் சுற்றியுள்ள செல்போன்களைப் பார்ப்பேன். சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவே யாராவது ஒருவர், நடுக்கடலில் வலை இழுப்பதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். அப்படியிருந்தும் இந்தக் கடல் வேலை எங்களை ஏன் இப்படி இழுக்கிறது?

என்னை முதலில் இழுத்தது டிஸ்கவரியின் ‘டெட்லியஸ்ட் கேட்ச்’. 2005 ஏப்ரலில் தொடங்கிய நிகழ்ச்சி. அலாஸ்காவின் டச்சு ஹார்பரிலிருந்து பெரிங் கடலுக்கு நண்டு பிடிக்கப் போகும் படகுகளைப் பற்றியது. ஒவ்வொரு கூண்டும் சுமார் 300 கிலோ எடையுள்ள இரும்புச் சட்டம். அதை ஹைட்ராலிக்கில் தூக்கித் தளத்தில் வைக்கிறார்கள். புதுசாகச் சேர்ந்த பையன் அதற்குள் தலையை விட்டு இரை கட்டுகிறான். கூண்டு கடலுக்குள் சரிகிறது, கயிறு சரசரவென்று ஓடுகிறது. அந்தக் கயிற்றில் கால் மாட்டினால் ஆளும் கூடவே போய்விடுவான். பனி உறைந்த தளத்தில் இருபது மணி நேரம்கூட இதே வேலை நடக்கிறது. குரல் எந்த மொழியில் ஓடினாலும் பட்டறை ஆளுக்கு இது புரியும்.

அலையைப் பார்க்கத்தான் இதைப் பார்க்கிறோம் என்பார்கள். அலை பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். கூண்டு மேலே வருகிற அந்த நேரத்துக்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நண்டு நிறைந்திருக்கிறதா, காலியா என்று அப்போதே தெரிந்துவிடும். சட்டப்படியான அளவுள்ள ஆண் நண்டை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, பெண் நண்டையும் சின்னதையும் திருப்பிக் கடலில் விடுகிறார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் அவர்கள் பங்குப் பணம் வரும். நான் அடித்துத் தள்ளும் பிராக்கெட் எந்த வண்டியில், எந்த மூலையில் உட்காருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செய்த வேலையின் பலனைக் கண்ணெதிரே எண்ணிப் பார்க்கிற மனிதர்களைக் காண்பது எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. நம் சீரியல்களில் யாருக்காவது உருப்படியான வேலை உண்டா? அலுவலகம் இருக்கும், ஃபைல் இருக்கும், வேலை மட்டும் இருக்காது.

இனி ஆபத்து. முதல் சீசன் படம்பிடித்துக்கொண்டிருந்த 2005 ஜனவரியில் ‘பிக் வேலி’ என்ற படகு கவிழ்ந்தது. ஆறு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். 2010-இல் ‘கொர்னீலியா மேரி’யின் கேப்டன் பில் ஹாரிஸ், பிடித்த நண்டை இறக்கும் நேரத்தில் பக்கவாதம் வந்து விழுந்து, சில நாளில் இறந்தார். நிகழ்ச்சி அதையும் காட்டியது. பார்க்கிற எவருக்கும், கடல் என்றால் உயிரை வாங்கத்தான் செய்யும், அது விதி என்றே தோன்றும்.

அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அலாஸ்காவில் முன்பு ஒரே நாளில் எல்லாப் படகும் கிளம்பும். அனுமதித்த மொத்த அளவு தீரும்வரை யார் அதிகம் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு. சில நாளிலேயே சீசன் முடிந்துவிடும் என்பதால் புயலென்றும் பார்க்காமல், தூக்கமும் இல்லாமல் ஓடினார்கள். 2005-இன் பிற்பகுதியில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பங்கு ஒதுக்கிவிட்டார்கள். பொறுமையாகப் பிடிக்கலாம் என்றானது. கிளம்பும் முன் கடலோரக் காவல் படை பாரத்தையும் பாதுகாப்புச் சாமானையும் சோதிக்கும் வழக்கமும் இருந்தது. சாவு பெரிதும் குறைந்தது. பிரஸ்ஸிலும் இதே கதைதான். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் டை இறங்கும் என்று மெஷின் செய்திருப்பார்கள். டார்கெட் ஏறும் மாதத்தில் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். விரலை எடுப்பது அந்த அவசரம்.

நம் பக்கத்திலும் இப்போது இந்த நிகழ்ச்சிகள் வந்துவிட்டன, மீனவர்களே எடுப்பவை. ‘தூத்துக்குடி மீனவன்’, ராமநாதபுரம் பக்கத்து ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ போன்ற யூடியூப் சேனல்களை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். இவற்றை அலாஸ்கா நிகழ்ச்சியைவிட உயர்வாக மதிக்கிறேன். பயமுறுத்தும் பின்னணி இசை தேவைப்படாமல், வலையைக் கையில் வைத்துக்கொண்டே என்ன மீன், எந்தக் காற்றில் எங்கே கிடைக்கும் என்று சொல்லித் தருகிறார்கள். சொந்த வேலையைச் சொந்த வாயால் சொல்கிற மரியாதை அதில் இருக்கிறது.

ஆனால் நம் கடலின் அவசரம் இந்தத் திரைகளில் அதிகம் தெரிவதில்லை. டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மிஞ்சியதில்தான் பங்கு என்பதால், வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் வராது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்ததும் கிழக்குக் கரையின் விசைப்படகுகள் ஒரேயடியாகப் பாய்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற குமரி மாவட்ட ஊர்களின் படகுகள் முன்பே ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை எட்டாத தூரம். அந்த மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது 2019-இல்.

எச்சரிக்கைக் கருவியும் லைஃப் ஜாக்கெட்டும் எல்லாப் படகிலும் இருந்தாக வேண்டும். ஜாக்கெட் வெயிலில் வேகும், வலை இழுக்கத் தடுக்கும் என்பது காரணமானால், வேகாத, தடுக்காத ஜாக்கெட்டைச் செய்து தருவது அரசின் பொறுப்பு. எங்கள் பட்டறையில் கையுறை பற்றியும் இதே பேச்சுத்தான் நடந்தது. மெல்லிய கையுறை வந்ததும் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

பார்க்கிற நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஒரு மீன்பிடி வீடியோவில் ஜாக்கெட் கண்ணில் படவில்லையென்றால், “ஜாக்கெட் எங்கே அண்ணா?” என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.