கயிற்றிறக்கம்

கயிற்றிறக்கம் என்பது செங்குத்தான பாறைமுகம், மலைச்சரிவு, பனிச்சுவர் முதலியவற்றில், மேலே பொருத்தப்பட்ட கயிற்றின் வழியே வேகத்தைக் கட்டுப்படுத்தியபடி கீழே இறங்கும் முறை ஆகும். மலையேறுநர், குகை ஆய்வாளர், மீட்புப் பணியாளர், படைவீரர் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். பிரான்சிய மொழியில் இது ராப்பெல் எனப்படுகிறது. "திரும்ப அழைத்தல்" என்னும் பொருள்கொண்ட இச்சொல், இறங்கி முடித்தபின் கயிற்றைக் கீழே இழுத்துக்கொள்வதைக் குறிக்கும்.

வரலாறு

இம்முறையை உருவாக்கியவராகப் பிரான்சின் சமோனி ஊரைச் சேர்ந்த மலை வழிகாட்டி ழான் சார்லே குறிப்பிடப்படுகிறார். ஆல்ப்சு மலைத்தொடரின் பெத்தி துரு சிகரத்தில் 1876ஆம் ஆண்டு தனியாக ஏற முயன்று தோல்வியுற்றபோது அவர் இதனைக் கையாண்டார். 1879இல் வேறு இரு வழிகாட்டிகளுடன் அச்சிகரத்தை அடைந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியரான ஆன்சு துல்ஃபரின் பெயரால் ஒரு முறை பரவியது. இதில் கருவி எதுவும் இல்லை. கயிறு கால்களுக்கிடையே சென்று, ஒரு தொடையைச் சுற்றி, மார்பின் குறுக்காக எதிர்த்தோளின் மேல் செல்லும். உராய்வை உடலே தாங்கியதால் தோல் எரிவது வழக்கம்.

இயங்கும் விதம்

இன்று இடுப்புவாருடன் இணைத்த உலோகக் கருவி அவ்வுராய்வைத் தருகிறது. கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடிக்கும் கையே தடையாகச் செயல்படுகிறது. இழக்கப்படும் நிலையாற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுவதால், வேகமாக இறங்கினால் கருவி கைசுடும் அளவு சூடேறும். கை நழுவினாலும் கயிற்றை இறுகப் பற்றும் புருசிக் முடிச்சைத் துணைப் பாதுகாப்பாக இடுவதுண்டு.

ஆபத்துகள்

பாறையேறும்போது கயிறு பெரும்பாலும் விழுந்தால் தாங்குவதற்கே உள்ளது. இறங்கும்போதோ முழு எடையையும் கயிறும் அதன் பிடிமானமுமே சுமக்கின்றன. மேலும், திரும்ப இழுப்பதற்காகக் கயிறு இரட்டையாகத் தொங்கவிடப்படுவதால் 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர் மட்டுமே இறங்க இயலும். நடுப்பகுதி பிடிமானத்தில் சரியாக அமையாவிடில் ஒரு முனை குட்டையாகிவிடும். அம்முனை கருவியைக் கடந்தால் இறங்குபவர் விழுவார்.

2019 நவம்பரில் மெக்சிக்கோவின் எல் பொத்ரேரோ சிக்கோவில், அமெரிக்க மலையேறுநர் பிராட் கோபிரைட்டு இவ்வாறே உயிரிழந்தார். அவரும் துணைவரும் ஒரே கயிற்றின் இரு பக்கங்களில் ஒருசேர இறங்கினர். முனைகளில் முடிச்சு இடப்பட்டிருக்கவில்லை. முனை முடிச்சு கருவிக்குள் நுழையாமல் தடுத்துவிடும். எனினும், அதனை அவிழ்க்க மறந்து கயிற்றை இழுத்தால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்பதால் சிலர் அதனைத் தவிர்க்கின்றனர்.