பொம்மைப் படைவீரர்களுக்கு மறுவண்ணம் தீட்டுதல்

பொம்மைப் படைவீரர்களுக்கு மறுவண்ணம் தீட்டுதல் என்பது, கடையில் வாங்கிய அல்லது பழையதாகிப்போன சிறு படைவீரர் உருவங்களுக்குப் புதிதாக வண்ணம் பூசி, போர்க்களம், முகாம், அணிவகுப்பு போன்ற காட்சியமைப்புகளில் வைப்பதற்கு ஏற்றவையாக மாற்றும் பொழுதுபோக்குக் கலை ஆகும். இக்காட்சியமைப்பு டயோரமா எனப்படுகிறது. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு அருகே மண் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் பூங்கா அமைப்பதும் ஏறத்தாழ இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் படைக்காட்சியில் காலம், படைப்பிரிவு, சீருடை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

எவற்றுக்கு வண்ணம் பூசக் கூடாது?

1893-இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம், உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலை குறைந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட தொகுதிகளில் மதராஸ் சுதேசிக் காலாட்படை வீரர்களும் இடம்பெற்றனர். இத்தகைய பழைய உருவங்களின் மதிப்பு பெரும்பாலும் அவற்றின் முதல் வண்ணத்தில்தான் உள்ளது. வண்ணம் உதிர்ந்திருந்தாலும் அதுவே அக்காலத்தின் சான்று. 'புதுப்பிக்கிறேன்' என்று மேலே ஒரு பூச்சு பூசினால் சேகரிப்பாளர் தரும் விலை சரிந்துவிடும். அழிந்த சான்றும் திரும்பாது.

பழைய உள்ளீடற்ற உருவங்களின் தலைப்பகுதியில் பெரும்பாலும் ஒரு சிறு துளை காணப்படும். அதைக் கொண்டு அவற்றை இனங்காணலாம். நெகிழி வீரர்கள், வண்ணம் முற்றிலும் போனவை, உடைந்து ஒட்டப்பட்டவை ஆகியவையே மறுவண்ணத்திற்கு ஏற்றவை.

ஆவடி ஓர் எடுத்துக்காட்டு

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி, படைக்காட்சி அமைப்போருக்கு நல்ல கருப்பொருள். இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 இறுதியில் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. 105 மி.மீ. பீரங்கி பொருத்தப்பட்ட அவ்வண்டியில் நான்கு பேர் பணியாற்றினர். படைத்துறை உடைத் தொழிற்சாலையும் ஆவடியிலேயே உள்ளது. வண்டியும் உடையும் ஒரே ஊரோடு தொடர்புடையவை என்பதால், இரண்டையும் சரியாகக் காட்டுவது இக்காட்சிக்குச் சிறப்பு.

1970-களின் விஜயந்தாவை அமைப்பவர் அருகில் நிற்கும் காலாட்படை வீரருக்குப் புள்ளிப் புள்ளியான உருமறைப்பு உடையைத் தீட்டினால் அது பிழை. விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படை ஒரே நிறமான ஆலிவ் பச்சைக்கு மாறியது; இன்றைய கணினிப் புள்ளி வடிவ உடை 2022 படைத்துறை நாளில்தான் அறிமுகமானது. பீரங்கி வண்டிப் படையினரின் அடையாளம் கறுப்பு பெரே தொப்பி. இரண்டாம் உலகப் போர்க் காட்சியானால் காக்கியும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை மாகாணப் படையானால் சிவப்பு மேலங்கியும் பொருந்தும்.

தோல் நிறத்திலும் கவனம் தேவை. கடைப் பொம்மைகள் பல வெளிர்சிவப்பு முகத்துடன் வருகின்றன. பழுப்புடன் சிறிது காவி மஞ்சள் கலந்து அடிப்பூச்சு பூசி, மூக்கு, கன்னம், விரல் மேடுகளில் அதையே சற்று வெளிறச் செய்து தீட்டினால் நம் ஊர் முகம் கிடைக்கும்.

செய்முறை

1. உருவத்தைச் சோப்புநீரில் மெல்லிய தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது.
2. மெல்லிய பிரைமர் பூச்சு இட வேண்டும். மழைக்காலத்தில் தெளிப்பானைப் பயன்படுத்தினால், காற்றின் ஈரத்தால் பூச்சு வெண்மை படியக்கூடும். வறண்ட நாளே நல்லது.
3. அக்ரிலிக் வண்ணத்தை நீர் கலந்து, ஒரு தடித்த பூச்சுக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகத் தீட்ட வேண்டும். தடித்த பூச்சு பொத்தான், மடிப்பு, கண் ஆகியவற்றை மூடிவிடும்.
4. நீர்த்த அடர்நிறத்தை மடிப்புகளில் ஓடவிட்டால் நிழல் தோன்றும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளில் தேய்த்தால் ஒளி தோன்றும்.
5. இறுதியில் பளபளப்பற்ற வார்னிஷ் பூச வேண்டும். பளபளப்பு துணியைப் பீங்கான்போல் காட்டும்.

அடித்தளத்திற்கு உள்ளூர் மண்ணையே சலித்து, வாணலியில் வறுத்துப் பயன்படுத்தலாம். வறுக்காத மண்ணில் பூஞ்சை பிடிக்கும். 54 மி.மீ. உயர வீரருக்கு ஏறத்தாழ 1:32 அளவுள்ள வண்டி பொருந்தும். 1:72 வண்டியின் அருகே அவர் பூதம்போல் நிற்பார்.

பாதுகாப்பு

ஈய உருவங்களையும் அவற்றின் பழைய வண்ணத்தையும் உப்புத்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது. எழும் தூசியில் ஈய நஞ்சு உண்டு. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே சிறுவர்கள் நெகிழி வீரர்களை மட்டும் கையாள வேண்டும். ஈய உருவத்தைத் தொட்டபின் கைகழுவாமல் உண்ணக் கூடாது. மரப்பெட்டியிலும் மட்டமான அட்டைப்பெட்டியிலும் எழும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்தூளாக்கும் என்பதால், அவற்றில் நீண்டகாலம் மூடிவைப்பதும் தவறு.

பணி முடிந்ததும், மறுவண்ணம் தீட்டப்பட்டது என்பதையும் ஆண்டையும் உருவத்தின் அடியில் குறிப்பது முறை. தீட்டுவதற்கு முன் எடுத்த ஒளிப்படமும் உடன் இருந்தால், பின்னாளில் அதை வாங்குபவர் புதியதை முதல் வண்ணம் என்று எண்ணி ஏமாறமாட்டார்.