சமாதானத்தின் கையெழுத்துகள் – 7: லொகார்னோவின் இரண்டு தர எல்லைகள்

1925 அக்டோபர் 10, சனிக்கிழமை. சுவிட்சர்லாந்தின் தெற்கு ஓரத்தில், மஜோரே ஏரிக்கரையில் இருக்கும் லொகார்னோ என்ற சிற்றூரிலிருந்து 'ஃபியோரி தரான்சியோ' என்ற படகு கிளம்பியது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லினின் மனைவி ஐவிக்குப் பிறந்தநாள், ஏரியில் ஓர் உல்லாசப் பயணம் என்று சொல்லித்தான் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். படகில் ஏறியவர்களில் ஜெர்மனியின் சான்சலர் ஹான்ஸ் லூதர், அவருடைய வெளியுறவு அமைச்சர் குஸ்டாவ் ஸ்ட்ரெஸ்மான், பிரான்ஸின் அரிஸ்டீட் பிரியான், சேம்பர்லின் எல்லோரும் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை இவர்களுடைய நாடுகள் ஒன்றையொன்று கொன்று குவித்துக்கொண்டிருந்தன.

கேக் வெட்டுவதற்காக யாரும் அந்தப் படகில் ஏறவில்லை. மாநாட்டு மண்டபத்தில் பேச்சு ஒரு முடிச்சில் சிக்கியிருந்தது. ஜெர்மனி சர்வதேச சங்கத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், சங்க விதிகளின் 16-வது பிரிவுப்படி, அத்துமீறும் நாட்டின் மீது எடுக்கும் நடவடிக்கையில் பங்கேற்க வேண்டும். 'எங்கள் ராணுவத்தை வெர்சாயில் 1,00,000 பேராகக் குறைத்துவிட்டீர்கள். நாளைக்கு சோவியத் ரஷ்யாவோடு தகராறு வந்தால், இந்தக் கையை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிச் சண்டைக்குப் போவது?' என்பது ஜெர்மானியர்களின் கேள்வி. ஏரியைச் சுற்றிவந்த அந்தப் பல மணி நேரத்தில் வழி பிறந்தது. ஒவ்வொரு நாடும் தன் படைபலத்துக்கும் புவியியல் நிலைக்கும் பொருந்திய அளவுக்கு ஒத்துழைத்தால் போதும் என்று எழுதிக்கொள்ளலாம் என முடிவானது. கரைக்குத் திரும்பியபோது மாநாடு ஏறக்குறைய வென்றாகிவிட்டது.

இந்த இடத்துக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? 1923-இல் பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் படையை அனுப்பியதையும், ஜெர்மன் நாணயம் குப்பையானதையும், 1924-இன் டாஸ் திட்டம் போர் இழப்பீட்டுச் சிக்கலுக்கு மூச்சு விட இடம் கொடுத்ததையும் கடந்த வாரம் பார்த்தோம். பலத்தால் ஜெர்மனியை அடக்கிவைக்க முடியாது என்று பாரிஸ் உணர்ந்த நேரம் அது. 1925 பிப்ரவரியில் ஸ்ட்ரெஸ்மான் ஒரு யோசனையை அனுப்பினார்: ரைன் நதிக்கரை எல்லையை ஜெர்மனி தானாகவே ஏற்றுக்கொள்ளும், அதற்கு மற்ற நாடுகள் உத்தரவாதம் தரட்டும். பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டபர்னான் பிரபுவின் தூண்டுதலும் இதில் உண்டு. அந்த யோசனையின் அருமை 'தானாகவே' என்ற இடத்தில் இருக்கிறது. வெர்சாயில் ஜெர்மானியர்களிடம் ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்துப் போடு என்றார்கள். லொகார்னோவில் அவர்கள் சமமாக உட்கார்ந்து பேசினார்கள். பிரியானும் லூதரும் பக்கத்து ஊரான அஸ்கோனாவின் சின்ன விடுதி ஒன்றில் தனியே சந்தித்தும் பேசினார்கள்.

அக்டோபர் 16 அன்று ஒப்பந்தங்களில் சுருக்கொப்பம் இடப்பட்டது. அன்று சேம்பர்லினுக்கு 62-வது பிறந்தநாள். டிசம்பர் 1 அன்று லண்டன் வெளியுறவு அலுவலகத்தில் முறைப்படி கையெழுத்தாயின. மையமானது ரைன் ஒப்பந்தம். ஜெர்மனி–பிரான்ஸ், ஜெர்மனி–பெல்ஜியம் எல்லைகளை மீறக் கூடாது; ரைன்லாந்தில் ஜெர்மனி படையோ கோட்டையோ வைக்கக் கூடாது; இதை மீறுபவர் யாராயிருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு பிரிட்டனும் இத்தாலியும் துணைநிற்கும். இத்துடன் பிரான்ஸ், பெல்ஜியம், போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகிய நான்கு நாடுகளோடும் ஜெர்மனி தனித்தனியே நடுவர் தீர்ப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. போலந்துக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் பிரான்ஸ் தன் பங்குக்கு உதவி வாக்குறுதி எழுதிக்கொடுத்தது. மொத்தம் ஏழு ஆவணங்கள்.

இதை வெறும் நாடகம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பலன்கள் கண்ணெதிரே வந்தன. லண்டனில் கையெழுத்தான அன்றே கொலோன் பகுதியிலிருந்து நேச நாட்டுப் படைகள் வெளியேறத் தொடங்கின. 1926 செப்டம்பரில் ஜெர்மனி சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. ஜெனீவா மண்டபத்தில் பிரியான் எழுந்து, துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஒதுங்கட்டும் என்று முழங்கியபோது கண்கலங்கியவர்கள் பொய்யாகக் கலங்கவில்லை. ரைன்லாந்தின் கடைசி பிரெஞ்சுப் படையினர் 1930 ஜூன் 30 அன்று, வெர்சாய் கெடுவுக்கு ஐந்தாண்டு முன்னதாகவே வெளியேறினார்கள். பிரியானுக்கும் ஸ்ட்ரெஸ்மானுக்கும் 1926-க்கான நோபல் சமாதானப் பரிசு. 1925-க்கான பரிசில் சேம்பர்லினுக்குப் பாதி. பிள்ளைகளைப் போர்க்களத்தில் பறிகொடுத்த ஒரு தலைமுறைக்கு, பகைவர்கள் ஒரே மேசையில் உட்கார்வதே பெரிய ஆறுதல். அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் லொகார்னோவுக்கு வந்திருந்த வேறு இரண்டு பேரையும் நாம் பார்த்தாக வேண்டும். செக்கோஸ்லோவாகியாவின் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் பெனெஷ். போலந்தின் அலெக்ஸாண்டர் ஸ்க்ஷின்ஸ்கி. முக்கியப் பேச்சு முழுக்க மேற்கு எல்லையைப் பற்றியது. இவர்களை மேசைக்குக் கூப்பிட்டது கடைசிக் கட்டத்தில். ஜெர்மனியிடமிருந்து அவர்கள் கையில் கிடைத்தது நடுவர் தீர்ப்பு உடன்படிக்கை மட்டும். தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. 'உங்கள் எல்லையை ஏற்கிறோம்' என்று இல்லை. பிரிட்டனின் உத்தரவாதமும் இல்லை.

இது தவறிப்போன விஷயமல்ல, தெரிந்தே விட்ட விஷயம். போலந்து கடலை எட்டுவதற்கான நிலப்பாதைக்காக எந்த பிரிட்டிஷ் அரசும் ஒரு சிப்பாயின் எலும்பைக்கூடப் பணயம் வைக்காது என்று சேம்பர்லின் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். ஸ்ட்ரெஸ்மானோ, செப்டம்பரில் ஜெர்மனியின் முன்னாள் பட்டத்து இளவரசருக்கு எழுதிய கடிதத்தில், கிழக்கு எல்லைகளைத் திருத்துவதைத் தன் வெளியுறவுக் கொள்கையின் இலக்குகளில் ஒன்றாகவே குறிப்பிட்டிருந்தார். போரால் அல்ல, காலம் பார்த்துப் பேச்சால் என்பது அவர் கணக்கு. அவரை ஹிட்லரின் முன்னோடி என்று எழுதுவது அநியாயம். ஆனாலும் மேற்கே இருக்கிற வரப்பைத் தொடமாட்டேன் என்று ஊரைக் கூட்டி எழுதிக்கொடுக்கிறவன், கிழக்கு வரப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், கிழக்கு வயல்காரனுக்குத் தூக்கம் எப்படி வரும்? 1925 வரை ஐரோப்பாவில் எல்லா எல்லைகளும், பெயரளவிலாவது, ஒரே சட்டத்தின்கீழ் இருந்தன. லொகார்னோவுக்குப் பிறகு காக்கப்படும் எல்லை, காக்கப்படாத எல்லை என்று இரண்டு தரம் வந்துவிட்டது. லொகார்னோவைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான்.

காக்கப்படும் எல்லையாவது காக்கப்பட்டதா? உத்தரவாதத்தின் அமைப்பையே பாருங்கள். ஜெர்மனி பாய்ந்தால் பிரான்ஸுக்கும், பிரான்ஸ் பாய்ந்தால் ஜெர்மனிக்கும் பிரிட்டன் உதவ வேண்டும். நடுநிலை என்ற வகையில் அழகான ஏற்பாடு. ஆனால் உதவி என்பது ரயில், கப்பல், துருப்பு, தேதி எல்லாம் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய காரியம். பிரான்ஸின் தளபதிகளோடு உட்கார்ந்து ஜெர்மனிக்கு எதிராகத் திட்டம் போட்டால் ஜெர்மனிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? ஆகவே யாரோடும் திட்டம் போடவில்லை. இன்னொரு உத்தரவாதியான முசோலினி, மாநாடு முடியும் தறுவாயில் விசைப்படகில் வந்து இறங்கினார். இத்தாலிய சோஷலிஸ்ட் தலைவர் மத்தெயோட்டி பாசிஸ்டுகளால் கொலையான மறு ஆண்டு அது. முசோலினியின் பேட்டியைப் பத்திரிகையாளர்கள் புறக்கணித்தார்கள். அப்படிப்பட்டவரின் கையெழுத்து ஐரோப்பிய அமைதிக்கு ஜாமீன்.

நம்மைத் தொடும் ஒரு வரியும் ரைன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் 9-வது பிரிவு, பிரிட்டனின் டொமினியன்களோ இந்தியாவோ தாமாக ஏற்றுக்கொண்டாலொழிய இந்த ஒப்பந்தம் அவற்றைக் கட்டுப்படுத்தாது என்கிறது. இந்தியாவின் சார்பில் ஏற்பதோ மறுப்பதோ வைஸ்ராயின் அரசுதான், மக்கள் அல்ல. ஆனால் இதில் பிரிட்டனின் தயக்கமும் தெரிகிறது: 1914-இல் சாம்ராஜ்யம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போருக்குப் போனதுபோல இனிப் போக முடியாது என்று லண்டனுக்குத் தெரிந்திருந்தது. ரைன் கரைக்குக் கொடுத்த வாக்கே இவ்வளவு அளந்து கொடுக்கப்பட்டது என்றால், போலந்தின் விஸ்டுலா நதிக்கரைக்கு என்ன மிஞ்சும்?

சோதனை வந்தது 1936 மார்ச் 7 அன்று, பிரியான் இறந்து சரியாக நான்கு ஆண்டு கழித்து. ஸ்ட்ரெஸ்மான் 1929-லேயே போய்விட்டார். முந்தைய ஆண்டு மே மாதம்கூட லொகார்னோவை மதிப்போம் என்று ரைக்ஸ்டாக்கில் பேசியிருந்த ஹிட்லர், பிரான்ஸ் சோவியத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையைச் சாக்காக வைத்துப் படையை ரைன்லாந்துக்குள் அனுப்பினார். நதியைத் தாண்டி மேற்கே போனவை மூன்று பட்டாலியன்கள்தான். அதே நாளில், பிரான்ஸோடும் பெல்ஜியத்தோடும் 25 ஆண்டு சமாதான ஒப்பந்தம் செய்யத் தயார் என்றும் அறிவித்தார். பிரெஞ்சு அரசு தேர்தலை எதிர்பார்த்திருந்த இடைக்கால அரசு. முழுப் படைதிரட்டல் இல்லாமல் எதுவும் முடியாது என்றார்கள் தளபதிகள். பிரிட்டன், பேசிப் பார்க்கலாம் என்றது. முசோலினி எத்தியோப்பியப் போரில் இருந்தார். அவர்மீதே சர்வதேச சங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்தது. மார்ச் 19 அன்று சங்கத்தின் கவுன்சில் லண்டனில் கூடி, ஒப்பந்தம் மீறப்பட்டது என்று தீர்மானித்தது. அத்தோடு சரி.

ரைன்லாந்து போனதால் அதிகம் இழந்தது பிரான்ஸ் அல்ல. ப்ராக்குக்கோ வார்சாவுக்கோ பிரான்ஸ் உதவ வேண்டுமானால் ஜெர்மனிக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கான திறந்த வாசல் படையில்லாத ரைன்லாந்துதான். இப்போது அங்கே கோட்டைகள் எழுந்தன. கிழக்கே இருந்த இரண்டு நண்பர்களும் ஒரே நாளில் வெகுதூரம் விலகிப்போனார்கள்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியபோது, பயப்பட வேண்டாம், 1925 நடுவர் தீர்ப்பு உடன்படிக்கைக்கு நாங்கள் இன்னமும் கட்டுப்பட்டவர்களே என்று பெர்லின் செக்கோஸ்லோவாகியாவுக்கு உறுதி சொன்னது. செப்டம்பரில் ஹிட்லர் சூடேட்டன் பகுதியைக் கேட்டார். கொடுத்துவிடுங்கள் என்று லண்டனும் பாரிஸும் ப்ராக்கை நெருக்கின. பிரிட்டிஷ் பிரதமர் இப்போது நெவில் சேம்பர்லின், ஆஸ்டினின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. செப்டம்பர் 20 அன்று ப்ராக் பதில் அனுப்பியது: அந்த உடன்படிக்கை உயிரோடு இருக்கிறது, அதன்படி இந்தத் தகராறை நடுவர் தீர்ப்புக்கு விடுங்கள். அந்தப் பதிலை அனுப்பிய நாட்டின் ஜனாதிபதி, லொகார்னோவில் கடைசியாக மேசைக்குக் கூப்பிடப்பட்ட அதே பெனெஷ். அன்று நள்ளிரவுக்குப் பின், அதிகாலை 2 மணிக்கு, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்கள் அவரைப் போய்ப் பார்த்தார்கள். நடுவர் தீர்ப்புக்கெல்லாம் இடமில்லை, ஏற்காவிட்டால் வருவதைத் தனியாகச் சந்திக்க வேண்டியதுதான் என்றார்கள். 21-ஆம் தேதி மாலை செக் அரசு இணங்கியது.

அடுத்த வாரம்: 1928 ஆகஸ்ட், பாரிஸ். போரையே சட்டவிரோதமாக்கிய கெல்லாக்–பிரியான் உடன்படிக்கை.

(தொடரும்)