இளவேனிலில் வீட்டு மராமத்து

சம்பா அறுவடை முடிந்து, நெல் களத்தை விட்டு வீடு சேர்ந்த பின்னர், ஆர்.கே.பேட்டை வட்டாரத்துக் குடியானவர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கின்றது. ஏரையும் வண்டியையும் பழுது பார்க்கும் அவர்களிற் பலர், விளைந்த தானியத்தையும் மக்களையும் ஒருங்கே காக்கும் வீட்டை மட்டும் மழை வந்த பின்னரே நினைக்கின்றனர். ஈரச் சுவரில் பூச்சு நில்லாது. நனைந்த கூரை மீது ஏறுவதும் ஆபத்து. ஆதலின் சித்திரை, வைகாசியாகிய இளவேனிற் காலத்திலேயே இவ்வேலையை முடித்தல் வேண்டும். இவ்வட்டாரம் ஆடி முதல் தென்மேற்குப் பருவத்திலும், ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறுவது. கோடையிடியோடு வரும் திடீர் மழையோ அதற்கும் முந்தியது.

வீட்டுக்கு முதற்பகை நீரே. 1 சதுர மீட்டர் கூரையின் மீது 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள கூரையின் மீது ஓரிரவில் 50 மில்லிமீட்டர் பெய்யுமாயின், 3,000 லிட்டர் நீர் இறவாரத்தின் வழியே விழும். அது சுவரின் அடியிலேயே தேங்குமானால் சுவர் எவ்வளவு கனமுடையதாயினும் பயனில்லை. எனவே வீட்டைச் சுற்றிலும் தரை வெளிப்புறம் சரிந்திருக்குமாறு மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இறுக்குதல் முதல் வேலையாகும். வழிந்தோடும் நீரை வாய்க்காலால் தோட்டத்துக்கோ உறிஞ்சு குழிக்கோ செலுத்தலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு உள்ள வீடுகளில், குழாயையும் வடிகட்டும் குழியையும் இப்பொழுதே தூர் எடுத்தல் நன்று.

கூரை: நாட்டு ஓட்டுக் கூரையில் உடைந்தவற்றை நீக்கி, நழுவியவற்றைத் திருப்பி அடுக்கி, எலி, அணில் சேர்த்த குப்பையைக் களைதல் வேண்டும். உளுத்த சட்டங்களையும் ரீப்பர்களையும் அப்பொழுதே மாற்றிவிடலாம். ஓலைக் கூரையில் கட்டுக் கயிறுகளைப் புதுப்பித்தல் அவசியம். கோடையில் தீப்பொறி ஒன்றே போதுமாதலால், அடுப்புப் புகைபோக்கியும் மின்கம்பியும் ஓலையைத் தொடாதிருத்தல் வேண்டும். தகட்டுக் கூரையை அதன் எடை காக்காது; கட்டும் ஆணியுமே காக்கும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னைக்கருகில் கரையேறிய வர்தா புயலின் காற்று இதனை நன்கு உணர்த்திற்று. கல்நார்த் தகட்டை அறுத்தலும் தேய்த்தலும் கூடா. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

சிமென்டுத் தளமுள்ள வீட்டினரும் கவலையற்று இருத்தலாகாது. தளத்தின் அடிப்பக்கத்தைக் கோலால் தட்டிப் பார்க்கையில் பொள்ளென ஒலித்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருத்தல் கூடும். துரு ஏறிய கம்பி பருத்து, பூச்சைப் பிளந்து தள்ளும். அதன் மேல் வர்ணம் பூசுவது நோயை மூடி வைப்பதேயாகும். தளர்ந்த பூச்சைக் கொத்தி, துருவைச் சுரண்டி, தேர்ந்த கொத்தனைக் கொண்டு புதிதாகப் பூசச் செய்தலே முறை.

சுவர்: மண் சுவருக்கு மண்ணும் உமியும் குழைத்த பூச்சே ஏற்றது. பலர் உறுதி கருதி அதன் மீது சிமென்டு பூசுகின்றனர். சுவரினுள் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மண்ணை இளக்குகின்றது. வெளியே திடமாகத் தோன்றும் சுவர் உள்ளே கரைந்து போகின்றது. சுண்ணாம்புப் பூச்சு இத்தகைய கேடு செய்யாது. அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல இறுகுவதாகும். வெண்மையாதலால் வெயிலின் வெப்பத்தையும் தடுக்கும். சுட்ட சுண்ணாம்பை நீரில் இடுகையில் அது கொதித்துத் தெறிக்குமாதலால், குழந்தைகளை விலக்கி, கண்களைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். நன்கு நீற்றி வடிகட்டிய பாலை, நீர் தெளித்த சுவரில் மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடித்தல் நலம்.

கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, கடைக்கால் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கின்றதா என்பது விளங்கும்.

கறையானும் தானியமும்: சுவரின் மீது மண் தடம் காணப்படின், அதைக் கலைத்துவிடுவதோடு நில்லாது, அது புறப்படும் இடத்தைத் தேடுதல் வேண்டும். விறகையும் வைக்கோலையும் சுவரோடு சார்த்தி அடுக்குவது கறையானுக்கு மறைவிடம் தருவதாம். விதை நிலக்கடலையை நன்கு காயவைத்து, தோலோடு, தரையினின்று உயர்ந்த பரணிலோ பலகையிலோ வைத்தல் நலம். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சணம் பிடித்து, மனிதருக்கும் மாட்டுக்கும் நஞ்சாகும் பொருள் தோன்றக் கூடும்; அது வறுத்தாலும் முற்றும் நீங்காது. குழித்தறி உள்ள நெசவாளர் இல்லங்களிலும் குழியில் ஈரம் ஊறாதபடி வெளி வடிகாலைக் கவனித்தல் தகும்.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் சாய்ந்த சுவருள்ள வீடுகளை மழைக்கு முன்னரே கண்டு குறித்து வைத்தல் மிக்க பயன் தரும். நனைந்த மண் சுவர் மழை பெய்கையில் மட்டுமன்றி, அது ஓய்ந்த பின்னரும், பெரும்பாலும் வீட்டார் உறங்கும் வேளையிலும் விழுவதுண்டு. வீழ்ந்த பின் எழுதப்படும் சேத அறிக்கை உயிரை மீட்டுத் தராது. சாய்ந்த சுவரைப் பிரித்துக் கட்டுதல் இயலாதாயின், மழை இரவுகளில் அவ்வீட்டார் தங்குவதற்கு வேறிடத்தை முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும்.

ஓர் ஏணியும், இரண்டு ஆட்களும், சில நாள் உழைப்புமே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஓடு ஒன்று நழுவிய இடத்தைச் சித்திரையில் சரி செய்யாதவர், ஐப்பசியில் உத்திரத்தையும் விதையையும் சேர்த்து இழக்க நேரும்.