உங்களுக்குத் தெரியுமா? – ஆங்கிலத்தின் குட்டிக் கோடு

ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே வரும் குட்டிக் கோடான ஹைஃபனுக்கு இப்போது மவுசு குறைவு. 2007-இல் வந்த ‘ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு’ அகராதியின் 6-ஆம் பதிப்பு, சுமார் 16,000 சொற்களில் அதை எடுத்துவிட்டது. ‘ஐஸ்-கிரீம்’ இரண்டு சொல்லாகப் பிரிந்தது. ‘க்ரை-பேபி’ ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. எங்கே போடுவது என்று மக்களுக்கே குழப்பம், விளம்பரங்களில் பார்க்கவும் அழகில்லை என்பது பதிப்பாசிரியர் தரப்பு விளக்கம்.

ஆனால் சில இடங்களில் கோடு போனால் அர்த்தமே தலைகீழாகும். ‘ரீ-சைன்’ என்றால் ஒரு கால்பந்து வீரர் தன் கிளப்போடு மறுபடி ஒப்பந்தம் போடுகிறார். கோட்டை எடுத்துவிட்டால் அதே எழுத்துகள் ‘ரிசைன்’, அதாவது ராஜினாமா! விளையாட்டுப் பக்கத் தலைப்பு எழுதுபவர்கள் உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. சோபாவுக்குப் புது உறை போடும் ‘ரீ-கவர்’, நோயிலிருந்து தேறும் ‘ரெகவர்’ கதையும் இதேதான்.

‘எக்ஸ்-மினிஸ்டர்’, ‘செல்ஃப்-சர்வீஸ்’ போன்றவற்றில் கோடு கட்டாயம். ‘வெல்-நோன் ஆக்டர்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோடு உண்டு. ‘ஹி இஸ் வெல் நோன்’ என்று பின்னால் வந்தால் பொதுவாக வேண்டாம். ‘லி’ என முடியும் வினையடைகளுக்குப் பின் போடுவது வீண் வேலை.

இன்னொன்று: ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் பெயரிலேயே ‘நியூ-யார்க்’ என்று கோடு இருந்தது. 1896 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள்.