துப்பாக்கியில் லென்ஸ் வைக்கலாமா?



போன மாதம் மதிய சாப்பாட்டு நேரத்தில் நம்ம வகுப்பில் ஒரு சண்டை. "கண்ணாடி போட்டவங்க துப்பாக்கி சுடும் போட்டிக்கே போக முடியாது" என்றான் ஒருவன். "லென்ஸ் வச்ச துப்பாக்கி குடுத்தா நான்கூட மெடல் வாங்குவேன்" என்றான் இன்னொருவன். நானும் கண்ணாடி போட்டவள்தான். சும்மா விடுவேனா? தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒலிம்பிக் விதி

ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலுக்கு விதி போடுவது ஐ.எஸ்.எஸ்.எஃப். என்ற உலகக் கூட்டமைப்பு. அதன் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் துப்பாக்கி மேல் டெலஸ்கோப், லேசர், சிவப்புப் புள்ளி காட்டும் கருவி எதுவும் கூடாது. முன்னால் ஒரு குச்சி, பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஒரே கையால் பிடித்து நின்றுகொண்டு சுடணும். 10 மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நம்ம சட்டைப் பொத்தான் அளவுதான்!

ஆனால் பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். லென்ஸ் சுடுபவரின் கண்ணில் இருக்கலாம், துப்பாக்கியில் இருக்கக் கூடாது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு வந்து, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடியே சுட்டு, கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அப்போது அவருக்கு வயது 51. அதே போட்டியில் நம் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் ஜோடிக்கு வெண்கலம்.

முட்டைக் கணக்கு

துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு முட்டை 50 கிராம் என்று வைத்தால் 30 முட்டை. அதாவது நம்ம நாமக்கல் முட்டை ஒரு அட்டை! விசையை இழுக்க குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேணும். அது 10 முட்டை. இதைச் சோதிக்க, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை விடுபட்டால் அந்தத் துப்பாக்கி செல்லாது. போட்டி முடிந்த பிறகும் திடீர்ச் சோதனை உண்டு. அதில் தோற்றால் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் நீக்கம்தான்.

புள்ளி ஏன் உதவுகிறது?

கையை நீட்டி கட்டைவிரலைப் பாருங்கள். கரும்பலகை மங்கும். கரும்பலகையைப் பாருங்கள். விரல் மங்கும். நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். பள்ளம், குச்சி, இலக்கு மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதுதான் சிரமம்.

சிவப்புப் புள்ளிக் கருவியில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைக்கதிராகத் திரும்பும். அதனால் புள்ளி வெகுதூரத்தில் இருப்பது போலத் தெரியும். இலக்கும் புள்ளியும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். ஆனால் கை நடுங்கினால் புள்ளியும் நடுங்கும்! கருவி கண்ணுக்குத்தான் உதவும், கைக்கு உதவாது.

தனித்தனிப் பிரிவு

ஓடிக்கொண்டே பல இலக்குகளைச் சுடும் போட்டி ஒன்று உண்டு. 1976-இல் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. அமைப்பு அதை நடத்துகிறது. அங்கே புள்ளிக் கருவிக்கு அனுமதி உண்டு, ஆனால் தனிப் பிரிவில். 'ப்ரொடக்ஷன்' பிரிவில் சாதாரணக் குறி மட்டும். 'ப்ரொடக்ஷன் ஆப்டிக்ஸ்' பிரிவில் அதே வகைத் துப்பாக்கியோடு புள்ளிக் கருவி. 'ஓப்பன்' பிரிவில் புள்ளிக் கருவியோடு, அதிர்வைக் குறைக்கும் பாகமும் வைக்கலாம். நம்ம மண்டலப் போட்டியில் ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என்று பிரிப்பது போலத்தான். சமமானவர்களோடு மோதினால்தான் திறமை தெரியும்.

கருவி காலை வாரினால்?

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. சரி செய்வதற்குள் நேரம் பறந்தது. 575 எடுத்து 12-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. அழுதுகொண்டே வெளியே வந்தார். அவர் விளையாட்டை விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 2024 ஜூலை 28-இல் பாரீஸில் அதே ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்!

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். நம்ம ஊர்ப் பிள்ளைகளால் முடியாதா என்ன?

ஒரு எச்சரிக்கை நண்பர்களே! விளையாட்டுத் துப்பாக்கியும் ஆபத்தானதுதான். பயிற்சியாளர் இல்லாமல் தொடவே கூடாது.

சண்டை போட்ட அந்த இரண்டு பேருக்கும் ஒரு வேலை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையால் நேராக நீட்டி ஒரு நிமிடம் ஆடாமல் பிடியுங்கள் பார்ப்போம். பிறகு லென்ஸைப் பற்றிப் பேசலாம்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி